நிறம் மாறிய மூன்று நாடாக்கள்

ஏழு குளம் நிறைந்து எட்டாவது குளத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த காலத்தில், பூவலூர் என்றொரு நாடு இருந்தது. அதை மருதவேள் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் கோபக்காரன். அவன் நல்லவன் என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருந்தார்கள். கோபக்காரன் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் வேனில் பிறந்ததும் பூவலூரில் பூவிழா நடக்கும். தெருவுக்குக் குறுக்கே மூன்று தோரணம் கட்டுவார்கள். ஒன்று அரண்மனை வாசலில், ஒன்று கடைத்தெருவில், ஒன்று ஆற்றங்கரையில். அல்லி என்ற பட்டத்து யானைக்குக் கழுத்து நிறையப் பூச்சரம் போட்டு, அந்த மூன்று தோரணத்தின் கீழும் நடத்திக்கொண்டு போவார்கள். ஆற்றங்கரை சேர்ந்ததும் அரசனே தன் கையால் சரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி யானைக்கு ஊட்டுவான். யானை தின்று முடித்தால் வருடம் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பூவிழாவில், மத்தளம் அடித்த முடியாண்டியின் தோள்வார் அறுந்தது. மத்தளம் உருண்டு யானைக்கு முன்னே போய் விழுந்தது. ஊர்வலம் நின்றது. அந்த வருடம் பார்த்து மழையும் பொய்த்தது. அரசனுக்கு வந்ததே கோபம்! முடியாண்டியின் வலக்கைப் பெருவிரலை வெட்டச் சொன்னான். அதோடு விடவில்லை. "இனிமேல் பூவிழா ஊர்வலத்தை நிறுத்துகிறவர் எவரானாலும், எதற்காக ஆனாலும், இதுவே தண்டனை" என்று பறையறைந்து சொல்லச் செய்தான்.

அன்றிலிருந்து பூவலூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பயம் வந்தால் வலக்கைப் பெருவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். தங்களுக்கே தெரியாமல் செய்வார்கள்.

அந்த ஊரில்தான் நல்லக்காள் பூக்கட்டினாள். நாற்பது வயது. அதிகம் பேசமாட்டாள். பத்துப் பேர் கூடும் இடத்தில் தூண் இருந்தால் தூணுக்குப் பின்னால் நிற்பாள். ஆனால் வாழைநாரைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு நிகர் கிடையாது. ஒரு முடிச்சுக்குப் பூ மூன்று. ஒரு சரத்துக்கு முடிச்சு நூறு. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

பூவிழாவுக்கு அவள் கட்ட வேண்டியது முப்பது சரம். தோரணத்துக்கு மூன்று மூன்றாக ஒன்பது. அது வெள்ளரளி மொட்டில் கட்டுவது. அரளி வெயிலில் வாடாது, ஆனால் விஷம். உயரத்தில் தொங்குவதால் எந்த வாய்க்கும் எட்டாது என்று அதை வைத்தார்கள். யானைக்கு இருபத்தொன்று, அது பிச்சி மொட்டில் கட்டுவது.

முப்பது சரத்தையும் ஒரே கூடையில் வைத்து, ஈரத்துணி மூடி, அரண்மனைக்கு அனுப்ப வேண்டும். மூடிய கூடையை, பூக்கட்டியவள் மறுபடி திறக்கக் கூடாது. இதுவும் அந்த ஊர் வழக்கம். மொட்டின் நுனி மட்டும் தெரியும்படி இலை வைத்து நாடா சுற்றி இறுக்கிவிட்டால், பிச்சி எது அரளி எது என்று கட்டியவளுக்கே தெரியாது. அதனால்தான் அடையாளம் வைத்தார்கள். அரளிச் சரத்தில் சிவப்பு நாடா, பிச்சிச் சரத்தில் மஞ்சள் நாடா.

சரி, பிழை எங்கே நடந்தது என்று இப்போது கவனமாகக் கேளுங்கள்.

அந்த வருடம் சாயக்காரன் மஞ்சள் நாடா இருபத்தொன்று சரியாக அனுப்பியிருந்தான். பலாக்கட்டையைக் காய்ச்சி எடுத்த கெட்டிச் சாயம். சிவப்பு நாடா ஒன்பதுக்கு ஆறுதான் அனுப்பியிருந்தான். நல்லக்காள் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் ஆறுதான். மறுநாள் காலையில் கூடை போக வேண்டும். சாயக்காரன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, "மூன்று குறைகிறது" என்று சொன்னால் முடிந்தது வேலை. ஆனால் அவளுக்கு அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"மூன்றுதானே" என்று நினைத்தாள். அடுப்படியில் இருந்த மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பைக் கலந்தாள். குங்குமம் போலச் சிவந்தது. மூன்று வெள்ளை நாடாவை அதில் முக்கி எடுத்தாள். சாயக்காரன் நாடாவைவிட அழகாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் முப்பது சரத்தையும் அடுக்கினாள். மொட்டு சீக்கிரம் விரியாமல் இருக்க எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரைத் தெளித்தாள். அது அவள் கைப்பழக்கம், வருடா வருடம் செய்வது. ஈரத்துணி போட்டு மூடினாள். அரண்மனை ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சுண்ணாம்பால் சிவந்த மஞ்சள், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகிவிடும். ஆரத்தி கரைக்கிற கைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். அவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை. மூடிய துணிக்கு உள்ளே மூன்று சிவப்பு நாடா மெல்ல மெல்ல வெளுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியதும் கொம்பு ஊதினார்கள். ஊரே அரண்மனை வாசலில் கூடியது. நல்லக்காள் வழக்கம்போலக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தலைக்கு மேலே தொங்கிய தோரணத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் கட்டியதை அவள் பார்ப்பது அந்த ஒருநாள்தான்.

வாசல் தோரணத்தில் சரம் மூன்று இருந்தது. கணக்குச் சரி. ஆனால் நாடா மஞ்சளாக இருந்தது. காலையிலிருந்து வெயிலில் தொங்கிய பூ வாடியிருந்தது. சாதாரண வாட்டம் இல்லை. நுனி பழுத்துத் தொங்கியது.

அரளி வாடாது.

நல்லக்காளுக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. வாடியிருப்பது பிச்சி. பிச்சி மூன்று இங்கே வந்துவிட்டால், யானையின் கழுத்தில் இருக்கும் இருபத்தொன்றில் பிச்சி எத்தனை? பதினெட்டு. மிச்சம் மூன்று? எலுமிச்சைத் தண்ணீர் தெளித்த தன் கையையே பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. கூடையில் சிவப்பு ஆறுதான் இருந்திருக்கும். அது இரண்டு தோரணத்துக்குப் போயிருக்கும். பாகன் மஞ்சளில் இருபத்தொன்றை எண்ணி எடுத்து நிழலில் வைத்திருப்பான். மிஞ்சிய மூன்றை வாசலில் கட்டிவிட்டார்கள்.

ஆற்றங்கரையில் அரசன் ஊட்டுவான். அல்லி தின்னும். மூன்று சரத்து அரளி ஒரு யானைக்குப் போதும். யானை விழுந்தால், விஷம் வைத்தவன் என்று பாகன் மலையன் தலை போகும். அவளை யாரும் கேட்கப்போவதில்லை. ஏனென்றால் நாடா எல்லாம் மஞ்சள்.

அவள் பெருவிரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் போனது.

வாசலில் காவல் நாயகன் வேலோடு நின்றான். அவனிடம் போனாள். வாயைத் திறந்தாள்.

"என்ன?" என்றான் அவன்.

"தோரணத்தில்..."

"தோரணத்துக்கு என்ன?" அவனும் ஒருமுறை மேலே பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைக் கீழே இறக்கினான். "எதற்காக என்னிடம் வருகிறாய்? என்ன வேண்டும் உனக்கு?"

"குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்" என்றாள் நல்லக்காள்.

அது முதல் தடவை.

கொம்பு முழங்கியது. அல்லி நடந்தது. கழுத்தில் மலையன், முதுகில் அம்பாரியில் அரசனின் ஏழு வயது மகள் செங்கனி, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு அடைப்பைக்காரன். முன்னால் அரசன் நடந்தான். நல்லக்காள் கூட்டத்தோடு கூட்டமாக ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கடைத்தெருத் தோரணத்தின் கீழே யானைக்குச் சாம்பிராணி காட்டுவதற்காக நின்றார்கள். இதற்காக நிற்பதற்கு மட்டும் சட்டத்தில் தண்டனை இல்லை. நல்லக்காள் யானையின் காலோரம் வரை முண்டிக்கொண்டு போய்விட்டாள். மேலிருந்த மலையன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வா நல்லக்கா! உன் மாலை வாசனைக்கு இவள் என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாள். காலையிலிருந்து ஒரு கவளம் கொடுக்கவில்லை. பசியோடு இருந்தால்தானே ஒரு பூ விடாமல் தின்பாள்! என் சாமர்த்தியம் எப்படி?"

நல்லக்காள் அண்ணாந்து பார்த்தாள். "மலையா, ஒரு சேதி..."

"சத்தமாகச் சொல், காதில் விழவில்லை!"

சத்தமாகச் சொல்லத்தான் வேண்டும். அவள் சுற்றிலும் பார்த்தாள். கண்ணில் பட்டது முடியாண்டி. தெருவோரம் கீரைக்கட்டு பரப்பி உட்கார்ந்திருந்தான். நாலு விரலால் கீரை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தையும் மடங்கிய பெருவிரலையும் அவன் பார்த்துவிட்டான்.

"என்ன பூக்காரம்மா, ஏதாவது சொல்லப்போகிறாயா?" என்று மெல்லக் கேட்டான். "சொல், சொல். என் பக்கத்தில் ஒரு கடைக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது. நாலு விரலால் கீரைக்கட்டு கட்டலாம். பூக்கட்ட முடியாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். சாம்பிராணிப் புகை கலைந்தது. அல்லி நடந்தது.

அது இரண்டாவது தடவை.

கடைத்தெருவிலிருந்து ஆற்றங்கரைக்கு எழுநூறு அடி. அதையும் அவள் எண்ணிக்கொண்டேதான் போனாள். எண்ணுவதை நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். நூறாவது அடியில், "யானைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம்" என்று நினைத்தாள். முந்நூறாவது அடியில், "என்னை யார் கேட்கப்போகிறார்கள்?" என்று நினைத்தாள். ஐந்நூறாவது அடியில் மலையனின் மனைவி எதிரே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "அதோ பார், அப்பா!" என்று குழந்தைக்குக் காட்டினாள். அதற்குப் பிறகு நல்லக்காளால் எண்ண முடியவில்லை.

ஆற்றங்கரை வந்தது. அல்லி மண்டியிட்டது. இளவரசியை இறக்கினார்கள். அரசன் கைகழுவி, முதல் சரத்தைக் கழற்றினான். அல்லி துதிக்கையை நீட்டியது.

"நிறுத்துங்கள்!"

தன் குரல்தான் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. மத்தளம் நின்றது. கொம்பு நின்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நல்லக்காள் மட்டும் நடுவில் தனியாக நின்றாள்.

அரசன் திரும்பினான். அவன் முகம் கறுத்தது. "சட்டம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் மகாராசா."

"தெரிந்துமா நிறுத்தினாய்?"

"யானை கழுத்தில் மூன்று சரம் அரளி மகாராசா. பிழை என்னுடையது." அடுப்படியில் நாடா தோய்த்ததிலிருந்து வாசல் தோரணம் வரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பல்லோடு பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

"இப்போது சொன்னாயே, விரல் போகும் என்று யோசிக்கவில்லையா?"

"யோசித்தேன். இரண்டு தடவை யோசித்து இரண்டு தடவையும் சொல்லாமல் விட்டேன். விரல் என்னுடையது மகாராசா. யானையின் உயிரும் பாகனின் தலையும் என்னுடையவை இல்லை."

அரசன் கையிலிருந்த சரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. நீ பொய் சொல்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். உன் பேச்சைக் கேட்டுப் பூவை ஆற்றில் போட்டால் விழா கெட்டுவிடும். உன் சொல்லுக்கு என்ன சாட்சி?"

"கொஞ்சம் சுண்ணாம்பு கொடுங்கள்" என்றாள் நல்லக்காள்.

அடைப்பைக்காரன் பெட்டியைத் திறந்தான். அவள் ஒரு வெற்றிலைக் காம்பை எடுத்து ஈரச் சுண்ணாம்பில் தோய்த்தாள். "சாயக்காரன் நாடாவில் சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். என் நாடா மட்டும் சிவக்கும்."

முதல் சரம் அரசன் கையில் இருந்தது. காம்பால் தொட்டாள். மஞ்சள். யானைப் பக்கம் நகர்ந்தாள். இரண்டாவது, மஞ்சள். மூன்றாவது, மஞ்சள். நான்காவதைத் தொட்டாள். தொட்ட இடத்தில் ரத்தப்பொட்டு வைத்ததுபோலச் சிவந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. ஐந்து, ஆறு, ஏழு. பதினொன்றாவது சிவந்தது. மலையன் யானையின் காதைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். பதினெட்டு, மஞ்சள். பத்தொன்பது, மஞ்சள். இருபது, மஞ்சள்.

அதற்குமேல் சரம் இல்லை.

நல்லக்காள் மறுபடி எண்ணினாள். இருபது. இன்னொரு தடவை எண்ணினாள். இருபதுதான்.

"ஒன்று குறைகிறது" என்றாள். "நான் இருபத்தொன்று கட்டினேன். மூன்றாவது அரளி இதில் இல்லை."

அப்போது அரசனுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அது என்னிடம் இருக்கிறது அப்பா."

செங்கனி தன் கழுத்தில் அந்தச் சரத்தைப் போட்டு மேலாடையால் மறைத்திருந்தாள். ஒரு நுனியில் நாலைந்து மொட்டு பிய்ந்திருந்தது.

அரசன் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்து ஊரார் பார்த்ததே இல்லை. "தின்றாயா கண்ணே?"

"அல்லி தின்பாளே, எப்படி இருக்கும் என்று பார்த்தேன். பிய்த்ததில் ஒன்றைத்தான் கடித்தேன். கசந்தது. துப்பிவிட்டேன்."

நல்லக்காள் காம்பை நீட்டி அந்த நாடாவைத் தொட்டாள். சிவந்தது.

ஆற்றுத் தண்ணீரை அள்ளி மூன்று தடவை குழந்தையின் வாயைக் கொப்பளிக்க வைத்தார்கள். அரசன் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கரையிலேயே இருந்தான். அவள் முகத்தையே பார்த்தான். ஒருமுறை அவள் கண்ணை மூடினாள். அவன் பதறி உலுக்கினான். "தூக்கம் வருகிறது அப்பா" என்றாள். அந்த நேரம் முழுவதும் ஊரும் நின்றது. எதிர்க்கரைப் பனைமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போதுதான் குழந்தை, "பசிக்கிறது" என்றாள். அரசன் அப்போதுதான் மூச்சுவிட்டான்.

பிறகு எழுந்து கேட்டான். "சரத்தைக் குழந்தை எடுத்ததை யார் பார்த்தீர்கள்?"

மலையன் தலைகுனிந்தான். "கழுத்திலிருந்து உருவியபோது நான் பார்த்தேன் மகாராசா."

"மொட்டை வாயில் வைத்தபோது நான் பார்த்தேன்" என்றான் அடைப்பைக்காரன்.

காவல் நாயகனும் முன்னால் வந்தான். "வாசல் தோரணத்தில் மஞ்சள் நாடா தொங்கியதை நான் பார்த்தேன்."

"மூன்று பேர்! ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

மூவருடைய வலக்கையிலும் பெருவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் ஒளிந்திருந்தது. அரசன் அதைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். கரையில் நின்ற ஆண், பெண், பிள்ளை அத்தனை பேர் கையிலும் பெருவிரலைக் காணவில்லை. கடைசியில் குனிந்து தன் கையைப் பார்த்தான். மகளை மடியில் வைத்திருந்த நேரத்தில் அவன் பெருவிரலும் எப்போதோ மடங்கியிருந்தது.

"என் சட்டம் இன்று என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது" என்றான் அரசன். "அந்தச் சட்டம் இனி இல்லை."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து முடியாண்டி கேட்டான்: "சட்டம் போனது சரி மகாராசா. என் விரல்?"

அரசன் அவன் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றான். முடியாண்டி போகலாம் என்று சொல்லும் வரைக்கும் நின்றான். முடியாண்டி சீக்கிரத்தில் சொல்லிவிடவில்லை.

நல்லக்காளின் பிழைக்கும் தண்டனை உண்டு. மஞ்சள் நாடா ஒன்றால் அவளுடைய பெருவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒன்பது நாள் அவள் பூக்கட்டக் கூடாது, அவ்வளவுதான். அந்தத் தண்டனை சரிதான் என்றாள் அவள். ஆனால் கட்டுவதற்கு முன்னால், மூன்று அரளிச் சரத்தையும் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள். மிச்சம் பதினெட்டை இரண்டு தடவை சுண்ணாம்பு தொட்டுப் பார்த்து அரசன் கையில் கொடுத்தாள். அல்லி பதினெட்டையும் தின்றது. தின்றுவிட்டு இன்னும் மூன்று எங்கே என்பது போலத் துதிக்கையை நீட்டிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் பூவலூரில் ஊர்வலம் புறப்படும் முன்பு அரசன் வாசலில் நின்று மூன்று தடவை கேட்பான்: "யாருக்காவது சொல்ல வேண்டியது உண்டா?" மூன்றாம் தடவைக்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருப்பான். நல்லக்காள் இருந்தவரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவள் பெருவிரல் மடங்கும். பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. ஆனாலும் ஒரு வருடம், "சரத்தில் ஒரு முடிச்சு குறைகிறது" என்று தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவள்தான் சொன்னாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: செய்த பிழையைப் பயந்து நடுங்கிக்கொண்டாவது காலம் கடக்கும் முன்பு சொல்லிவிட வேண்டும், அப்படிச் சொல்ல வருகிறவரைப் பயமுறுத்தி வாயடைக்கவும் கூடாது.